வன்னியில் லீஃப்பைக் கொடுத்து ஏழு பேர் ஜீப் எடுக்கலாமா?

வன்னியில் ஓடும் நிசான் லீஃப்களில் கூடுதலானவை 24 கிலோவாற் மணி பற்றரியோடு வந்தவை. மின்கார்களுக்கு இறக்குமதி வரி குறைந்திருந்த 2014, 2015 காலத்தில் யப்பானிலிருந்து இறங்கியவை. அவற்றுக்குப் பத்து வயது தாண்டிவிட்டது. அப்போது மடியில் இருந்த பிள்ளைகள் இப்போது தனி இருக்கை கேட்கிற வயதில் நிற்கிறார்கள், பற்றரியோ பாதியில் நிற்கிறது. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் திரும்பத் திறந்ததிலிருந்து, லீஃப்பைக் கொடுத்துவிட்டுப் பெரிய ஜீப் ஒன்று எடுப்போமா என்ற பேச்சு வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் பல வீடுகளில் நடக்கிறது.

முடிவை முதலில் சொல்லிவிடலாம். ஐந்து பேருக்கு மேற்படாத குடும்பம், நாளாந்த ஓட்டம் 50 கிலோமீற்றருக்குள், பற்றரியின் உடல்நலம் (புதிதில் கொண்ட மின்னில் இன்று கொள்ளும் பங்கு) 75 வீதத்துக்கு மேல் என்றால் லீஃப்பைக் கொடுக்க நியாயம் இல்லை. ஆறாவது, ஏழாவது ஆள் ஒவ்வொரு கிழமையும் ஏறுகிறார், அல்லது மாதத்தில் பல தடவை யாழ்ப்பாணமோ கொழும்போ போகவேண்டும் என்றால் மாற்றலாம். ஆனால் எதற்கு மாற்றுகிறோம் என்பதில்தான் ஆட்கள் சறுக்குகிறார்கள்.

முதலில் கையில் இருக்கிற காரை அளக்கவேண்டும். மீற்றர்ப் பலகையில் வலது ஓரம் தெரியும் பன்னிரண்டு கட்டைகளை மட்டும் பார்த்து முடிவெடுக்கக் கூடாது. முதற் கட்டை விழும்போதே ஏறத்தாழ 15 வீதம் போயிருக்கும்; அதற்குப் பிறகு ஒவ்வொரு கட்டையும் ஆறேகால் வீதம். எட்டுக் கட்டை என்றால் பற்றரி 60க்கும் 66க்கும் இடையில் நிற்கிறது. இந்தக் கட்டைகளை பற்றரிக் கணினியை மீளமைத்துப் பன்னிரண்டாகக் காட்டவும் முடியும். சில கிழமை ஓடியதும் பழைய நிலைக்கு இறங்கிவிடும். ஆகவே காரின் கணினியைப் படிக்க உதவும் ஓ.பி.டி. செருகியில் போடுகிற புளூரூத் கருவி ஒன்றை வாங்கி, கைபேசியில் லீஃப் ஸ்பை செயலியைப் போட்டு நேரடியாகப் பாருங்கள். எஸ்.ஓ.எச். என்ற எண்தான் உடல்நலம். அதைவிட முக்கியம் 96 செல் சோடிகளின் வோல்ற் கோடுகள். சார்ஜ் நிறைய இருக்கும்போது எல்லாச் செல்லும் ஒரே உயரத்தில் நிற்கும், குறை தெரியாது. 20 வீதத்துக்குக் கீழே ஓடி இறக்கிவிட்டு, ஏ.ஸி. போட்டபடி மிதித்து ஓடும்போது பார்க்கவேண்டும். அப்போது ஒன்றிரண்டு கோடு மட்டும் தனியே கீழே விழுந்தால் அந்தச் செல்கள் இருக்கும் மொடியூல்கள் (செல் கட்டுகள்) நொந்துவிட்டன. எல்லாம் சேர்ந்து இறங்கினால் பற்றரி முழுவதும் ஒரே சீராக வயதாகியிருக்கிறது.

இந்த இரண்டுக்கும் வைத்தியம் வேறு. இருக்கும் 48 மொடியூல்களில் இரண்டு மூன்று மட்டும் பழுது என்றால், அதே அளவு தேய்ந்த மொடியூல்களாகத் தேடிப் போட்டால் கார் திரும்ப ஒழுங்காக ஓடும். முழுவதும் வயதான பற்றரிக்குள் நல்ல மொடியூல் நாலைந்தைச் செருகுவது காசைக் கரியாக்கும் வேலை. இன்று ஒன்று மாற்றினால் அடுத்த மாதம் அடுத்தது விழும், ஏனென்றால் தொடரில் நிற்கிற செல்களில் மிக நலிந்ததுதான் கார் எப்போது நிற்கும் என்பதைத் தீர்மானிக்கிறது. அப்படியான காருக்கு 40 கிலோவாற் மணி பற்றரியை முழுதாக மாற்றிப் போடலாம். பழைய காரின் கணினியும் புதிய பற்றரியும் பேசிக்கொள்ள இடையில் ஒரு சிறு மொழிபெயர்ப்புக் கருவி வேண்டும், அதைப் பொருத்தத் தெரிந்த கராஜ் வேண்டும். விலையை எழுத்தில் வாங்கி, உங்கள் காரின் இன்றைய விற்பனை விலைக்குப் பக்கத்தில் வையுங்கள். காரின் விலையில் பாதிக்கு மேல் போனால் விட்டுவிடலாம்.

வன்னிக்கு இந்தக் கணக்கு மற்ற இடங்களைவிடக் கடுமையானது. லீஃப்பின் பற்றரிக்குக் குளிரூட்டி இல்லை. இருக்கைக்குக் கீழே மூடிய பெட்டிக்குள் கிடக்கிறது. ஓடும்போது படுகிற காற்று மட்டும்தான் அதற்கு. ஆவணியில் வவுனியாவில் வெயில் 35 பாகையைத் தாண்டுகிற நாளில், தார் வீதியில் ஓடி வந்து நிற்கும் காரின் பற்றரி 40க்கு மேல் ஏறியிருக்கும். சூடு ஏறுவது மெல்ல, இறங்குவது அதைவிட மெல்ல. பின்னேரம் வீட்டுக்கு வந்த கையோடு சார்ஜில் போடுவது சூட்டின்மேல் சூடு. இரவு 10.30க்குப் பிறகு தொடங்குமாறு காரின் நேரக் குறிப்பியை வைத்து, விடிய ஐந்தரைக்குள் முடித்துக்கொள்வதுதான் முறை. நேரவாரியான கட்டணத்தில் இருக்கிற வீடுகளுக்கு மலிவான நேரமும் அதுவே. சில ஆண்டு மொடல்களில் 80 வீதத்தோடு நிறுத்துகிற தெரிவு உண்டு. அடுத்த நாள் ஊருக்குள்தான் ஓட்டம் என்றால் அதைப் போட்டுவிடுங்கள்.

இனித் தூரம். புதிதாக இருந்தபோது 24 கிலோவாற் மணியில் ஓடப் பயன்பட்டது 21 அளவில்தான். ஐந்து பேர், ஏ.ஸி., 70 கிலோமீற்றர் வேகம் என்றால் ஒரு யூனிற்றுக்கு (ஒரு கிலோவாற் மணிக்கு) 6 கிலோமீற்றர் என்று எடுங்கள். உடல்நலம் 80 வீதமான கார் வெறுமையாகும்வரை 100 கிலோமீற்றர் ஓடும். 15 வீதத்தைக் கையிருப்பாக விட்டால் 85. உடல்நலம் 65 ஆன காருக்கு அது 70. வவுனியாவிலிருந்து கிளிநொச்சி ஏறத்தாழ 75 கிலோமீற்றர். ஆக முதலாவது கார் கிளிநொச்சி போய்ச் சேரும். இரண்டாவது காரில் முறிகண்டிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டு ஏ.ஸி.யை நிறுத்தவேண்டும். மாங்குளத்திலிருந்து முல்லைத்தீவு ஏறத்தாழ 50. போய் வர இரண்டுக்கும் எட்டாது, முல்லைத்தீவில் யாராவது ஒரு சொந்தக்காரரின் பிளக் வேண்டும். ஏ-9இல் கார்களுக்கு 70 கிலோமீற்றர் எல்லை. பொலிஸ் வேகமானியோடு மர நிழலில் நிற்பது லீஃப் ஓடுகிறவருக்குச் செய்கிற உதவி என்றே சொல்லவேண்டும். 90இல் ஓடினால் மேலே சொன்ன தூரத்தில் ஐந்தில் ஒரு பங்கு காற்றோடு போய்விடும்.

வேகச் சார்ஜரை நம்பி நீண்ட பயணம் வைப்பது இனி வர வர மோசமாகும். லீஃப்பின் வேகச் சார்ஜ் வாய் சாடெமோ என்ற வகை. இப்போது புதிதாக இறங்கும் மின்கார்களில் பலவற்றுக்கு சீ.சீ.எஸ். 2 என்ற வேறு வகை. புதிய நிலையம் அமைக்கிறவர் எந்த வாயை வைப்பார் என்று யோசித்துப் பாருங்கள். வெயிலில் ஒரே பயணத்தில் இரண்டாவது தடவை வேகச் சார்ஜ் போட்டால் பற்றரிச் சூட்டுக்கட்டைகள் சிவப்பை நோக்கி ஏறும், சார்ஜ் வேகம் தானாகவே குறையும்.

வீட்டுப் பிளக்கையும் பார்த்துவிடுங்கள். லீஃப் சரியாக ஓடுவதில்லை என்று விற்க நினைக்கும் சில வீடுகளில் உண்மையில் பழுது சுவரில்தான் இருக்கும். யப்பானிலிருந்து வந்த கேபிள் 15 அம்பியர் வரை இழுக்கும். 13 அம்பியர் சதுரப் பிளக்கில் மணிக்கணக்காக இழுத்தால் பிளக் உருகும், பியூஸ் மணக்கும். வீட்டு மின்பலகையிலிருந்து தனியாக 6 சதுர மில்லிமீற்றர் வயர், தனி எம்.சீ.பி. (மின் கூடினால் தானே விழும் சுவிச்), 30 மில்லி அம்பியர் கசிவுத் துண்டிப்பான், நீல நிற வட்ட இண்டஸ்ரியல் சொக்கற், தனி ஏர்த் கம்பி எல்லாம் வேண்டும். கோடையில் வன்னி மண் காய்ந்து ஏர்த் கெட்டுப்போகும். சார்ஜர் பெட்டி அதைக் கண்டு சார்ஜை மறுக்கும். கம்பியடியில் இரண்டு வாளி தண்ணீர் ஊற்றியதும் சார்ஜ் ஏறினால் பழுது காரில் இல்லை, ஏர்த்தில். மின் பாதையின் கடைசி வீடுகளில் தோட்டப் பம்புகள் ஓடும் நேரம் வோல்ற் 200க்குக் கீழே விழும். அதற்கும் நள்ளிரவுச் சார்ஜ்தான் மருந்து.

இவ்வளவும் பார்த்த பிறகும் கார் போதாது என்றால், ஜீப் பக்கம் வரலாம்.

முதலில் இருக்கை. இங்கே பலர் ஆசையாகக் கேட்கும் நிசான் எக்ஸ்-ட்ரெயில் ரி-32 ஹைபிரிட்டுக்கு இரண்டே வரிசை, ஐந்து இருக்கை. மூன்றாம் வரிசை வேண்டும் என்றால் அதே உடலின் பெற்றோல் மொடலில்தான் தேடவேண்டும். மிற்சுபிசி அவுட்லாண்டர் பிளக்-இன் ஹைபிரிட்டின் முதல் தலைமுறைக்கும் ஐந்துதான். ஹொண்டா வெசலுக்கும் ஐந்துதான். அதன் சில்லுகளுக்கு இடைப்பட்ட நீளம் 2,610 மில்லிமீற்றர், லீஃப்புக்கு 2,700. அதாவது லீஃப்பைக் கொடுத்து வெசல் எடுப்பவர் உயரமான, ஆனால் உள்ளே பெரிதாகாத ஒரு காருக்குக் காசு கட்டுகிறார். அதன் முதல் தலைமுறை ஹைபிரிட்டில் இருக்கும் இரட்டைக் கிளச் கியர்பெட்டி, நெரிசலில் ஊர்ந்து ஊர்ந்து போனால் சூடேறி எச்சரிக்கை காட்டுகிற ரகம் வேறு. ஊரில் நெரிசல் இல்லை என்றாலும், கிறவல் மேட்டில் அரைவாசிக் கிளச்சில் ஏறுவதும் அதற்கு ஒன்றுதான்.

உண்மையான ஏழு இருக்கைக்கு நடைமுறையில் இரண்டு வழி. ஒன்று ரொயோட்டா ரஷ். 1.5 லீற்றர் பெற்றோல், பின் சில்லு இழுவை, நிலத்திலிருந்து 220 மில்லிமீற்றர் உயரம். இயந்திரம் எளிமையானது, உள்ளூர்க் கராஜ்காரருக்குக் கை பழகியது. நாலு வேகக் கியர்பெட்டிதான், ஆகவே 80ஐத் தாண்டினால் இயந்திரம் கத்தும். ஏழு பேரோடு லொறி ஒன்றை முந்துவதற்கு நீண்ட வெட்ட வெளி வேண்டும். லீஃப்பின் மிதித்த உடனே பாய்கிற இழுவைக்குப் பழகிய கால் இதில் ஏமாறும். முந்தும் தூரத்தை முதல் சில மாதங்கள் இரட்டிப்பாகவே கணக்கிடுங்கள். மற்றது பழைய பெரிய டீசல்: 3.2 லீற்றர் மொன்ரேரோ, அல்லது பிராடோ. மொன்ரேரோவின் மூன்றாம் வரிசை தரைக்குள் மடிந்து போகும், நாலு சில்லு இழுவை உண்மையானது, முறையாகப் பராமரித்தால் நெடுங்காலம் ஓடும். குடிக்கிறதும் அந்த அளவுக்குத்தான்: லீற்றருக்கு 8, 9 கிலோமீற்றர். ஒயில் மாற்றும்போது ஒன்பது லீற்றருக்கு மேல் ஊற்றவேண்டும். லீஃப்புக்கு இயந்திர ஒயிலே இல்லாமல் இத்தனை ஆண்டு ஓடியவருக்கு முதல் சேர்விஸ் பில் நெஞ்சைப் பிடிக்கும்.

மூன்றாம் வரிசையை விற்பவர் சொல்வதை நம்பாமல் வீட்டு ஆட்களை ஏற்றிப் பாருங்கள். "அம்மம்மாவை எங்க இருத்திறது?" என்ற கேள்விக்கு வாகனத்தைப் பார்க்கப் போகும் அன்றே விடை கிடைக்கவேண்டும். லீஃப்பின் இருக்கை முழங்கால் வருத்தம் உள்ளவருக்குச் சரியான உயரம். திரும்பி இருந்து காலைத் தூக்கி வைத்தால் போதும். மொன்ரேரோவில் படி வைத்து, பிடி பிடித்து ஏறவேண்டும். ரஷ்ஷில் மூன்றாம் வரிசைக்கு நடு இருக்கையை மடித்து ஒடுக்கமான வழியால் போகவேண்டும். அது பத்து, பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்குரிய இடம். ஏழு பேரும் இருந்தபின் பின்கதவுக்கும் இருக்கை முதுகுக்கும் நடுவில் இரண்டு பள்ளிக்கூடப் பையும், நிமிர்த்தி வைத்த சிறு அரிசி மூடை ஒன்றும் கொள்ளும். ஆவணி மடுத் திருவிழாவுக்கோ வற்றாப்பளைப் பொங்கலுக்கோ சட்டி பானை, பாய், குடிதண்ணீர்க் கலனோடு போகிற குடும்பத்துக்கு ஏழு இருக்கை ஜீப்பும் போதாது. அதற்கு எப்படியும் வான்தான் பிடிக்கப் போகிறீர்கள். ஆண்டில் அப்படி நாலைந்து பயணம்தான் என்றால் வான் வாடகையைக் கூட்டிப் பாருங்கள். ஜீப் ஒன்றின் காப்புறுதிக் கட்டணத்துக்கே அது கிட்ட வராது.

ஓட்டச் செலவு மாதம் 1,000 கிலோமீற்றருக்கு: லீஃப்புக்குச் சார்ஜ் இழப்பையும் சேர்த்து 190 யூனிற். வீட்டுப் பாவனையோடு சேரும்போது இது 180 யூனிற்றுக்கு மேற்பட்ட உச்சப் படியில் விழும், ஆகவே மலிவான படி விலையைப் போட்டு உங்களை ஏமாற்றிக்கொள்ளவேண்டாம். யூனிற் 60 ரூபா என்று வைத்தாலும் 11,400. பத்துக் கிலோமீற்றர் கொடுக்கிற பெற்றோல் ஜீப்புக்கு, லீற்றர் 300 ரூபா என்று வைத்தால், 30,000. இன்றைய விலைகளை நீங்களே இட்டுக்கொள்ளுங்கள். வித்தியாசத்தின் அளவு பெரிதாக மாறாது. கூரையில் சோலர் உள்ள வீட்டுக்கு இன்னும் கூடும். இதற்கு மேல் ஒயில், வடிகட்டி, புகைப் பரிசோதனை, பெரிய ரயர்.

2022ஐ இரண்டு பக்கத்தாரும் சாட்சிக்கு இழுப்பார்கள். பெற்றோல் செட் வரிசையில் நாள்கணக்காக வாகனங்கள் கிடந்தபோது லீஃப்கள் ஓடின என்பது உண்மை. அதே ஆண்டு மார்ச் முடிவில் மின்வெட்டு நாளுக்கு 13 மணித்தியாலம் வரை போனதும் உண்மை. அந்த ஓகஸ்டில் கியூ.ஆர். பங்கீடு வந்தபின் பெரிய ஜீப்புக்காரர் கிழமைக்குக் கிடைத்ததை வைத்துக்கொண்டு எங்கே போவது என்று யோசித்தார்கள்.

டீசல் எடுக்கிறவருக்கு ஒரு விடயம் அழுத்திச் சொல்லவேண்டும். மின்காரில் பள்ளிக்கூடம், சந்தை, கந்தோர் என்று மூன்று நான்கு கிலோமீற்றர்த் துண்டுகளாக ஓடிப் பழகிய குடும்பம், அதே ஓட்டத்தை டி.பி.எவ். எனும் புகைக்கரி வடிகட்டி உள்ள புதிய டீசலில் ஓடினால் வடிகட்டி அடைத்துக்கொள்ளும். புகைக்கரியை எரித்துத் தள்ள, சூடேறிய இயந்திரம் பதினைந்து இருபது நிமிடம் ஒரே சீராக ஓடவேண்டும். ஓமந்தையிலிருந்து மாங்குளம் வரை ஒரு ஓட்டம் அதற்குப் போதும், ஆனால் அதைக் கிழமைக்கு ஒரு தடவை மறக்காமல் செய்யவேண்டும். பலகையில் எச்சரிக்கை விளக்கு வந்தபின்னும் இயந்திரத்தை நிறுத்தி நிறுத்தி ஓடினால், எரியாத டீசல் ஒயிலுக்குள் இறங்கி ஒயில் மட்டம் கூடும். ஒயில் கோலில் மட்டம் ஏறினால் அது நல்ல சகுனம் அல்ல. இந்த இயந்திரங்களுக்கு சுப்பர் டீசல் வேண்டும். உள்ளூர்ச் சிறு செட்கள் எல்லாவற்றிலும் அது எந்நேரமும் இருக்கும் என்று நம்பி நெடுங்கேணிப் பக்கம் வெறும் தாங்கியோடு இறங்கவேண்டாம்.

மாரி. லீஃப்பின் அடிவயிறு நிலத்திலிருந்து ஏறத்தாழ 160 மில்லிமீற்றர். ஐந்து பேர் ஏறினால் அதிலும் குறையும். உழவு இயந்திரம் ஓடிச் சில்லுத் தடம் இறங்கிய கிறவல் ஒழுங்கையில் நடு மேடு அடிப்பலகையைத் தேய்க்கும். பிளாஸ்ரிக் மறைப்பின் கிளிப்புகள்தான் முதலில் போகும். தொங்கும் மறைப்பைக் கழற்றி எறிந்துவிட்டு ஓடினால் அடுத்த கல் பற்றரிப் பெட்டியில். இந்த விடயத்தில் ஜீப்புக்கு முழு வெற்றி. ஆனால் குளம் வான் பாய்ந்து வீதியை மூடும்போது உயரம் கொடுக்கிற தைரியம்தான் ஆபத்து. ஓடும் தண்ணீருக்குக் கீழே மதகின் ஓரம் அரித்திருப்பது லீஃப்புக்கும் தெரியாது, பிராடோவுக்கும் தெரியாது. அதோடு, ஜீப் உடல் உள்ளதெல்லாம் நாலு சில்லும் இழுக்கும் என்று எண்ணவேண்டாம். ரஷ்ஷின் பின்பக்கம் வெறுமையாக இருந்தால் வயல் களியில் பின் சில்லுகள் நின்ற இடத்திலேயே சுற்றும். தேய்ந்த தார் வீதி ரயரோடு என்றால் சொல்லவே வேண்டாம். மொன்ரேரோ வாங்கும்போது நாலு சில்லு இழுவை நெம்பை கிறவலில் போட்டு, விளக்கு மினுங்காமல் நிலையாக எரிகிறதா என்று பாருங்கள். நகருக்குள் ஓடிய வாகனத்தில் அதை ஆண்டுக்கணக்கில் தொட்டிருக்க மாட்டார்கள்.

நடுவழி ஒன்று உண்டு: அவுட்லாண்டர் பிளக்-இன். ஐந்து பேருக்குப் பெரிய உள்ளிடம், 190 மில்லிமீற்றர் உயரம், 12 கிலோவாற் மணி பற்றரி. பற்றரி நன்றாக இருந்தால் 40 கிலோமீற்றர் வரை மின்சாரத்தில். அதற்குப் பிறகு பெற்றோல். ஊருக்குள் யூனிற், கொழும்புக்கு லீற்றர் என்ற இந்தப் பிரிப்பு வன்னி ஓட்டத்துக்கு அச்சொட்டாகப் பொருந்தும். லீஃப் போலன்றி இதன் பற்றரிக்கு ஏ.ஸி.யிலிருந்து குளிர்காற்று போகிறது. இருந்தாலும் வயது வயதுதான். இதற்கென்று உள்ள கைபேசிச் செயலியில் அம்பியர் மணியைப் பாருங்கள்: புதிதில் 40, 28க்குக் கீழே போயிருந்தால் பெற்றோல் ஜீப் விலைக்கு மேல் ஒரு சதமும் கொடுக்கவேண்டாம். யப்பான் மொடலில் உள்ளே இருக்கும் சுவர்ப் பிளக் 100 வோல்ற். நம் 230 வோல்ற் சாமான் அதில் வேலை செய்யாது, மின்வெட்டில் வீட்டுக்குக் கரண்ட் எடுக்கலாம் என்ற கதையை விலைக்குள் சேர்க்கவிடாதீர்கள்.

புதிய மின்கார் பற்றியும் கேட்பார்கள். பி.வை.டி. அட்டோ 3 போன்றவற்றின் சிறிய பற்றரியே 49.92 கிலோவாற் மணி, குளிரூட்டும் ஏற்பாடும் உண்டு. யாழ்ப்பாணம் போய்ச் சேருவது பிரச்சினையாகாது. இருக்கை மட்டும் அதே ஐந்து.

லீஃப்பை விற்பதானால் வாகன விற்பனை நிலையத்தில் மாற்றாகக் கொடுப்பதைவிட நேரே விற்பது மேல். நிலையக்காரர் பற்றரி அச்சத்தை முழுவதும் உங்கள் தலையில் கட்டி விலை சொல்வார். லீஃப் ஸ்பை திரையின் படத்தை, நாளும் ஓடிய கிலோமீற்றரும் தெரிய, விளம்பரத்தோடு போடுங்கள். 12 வோல்ற் பற்றரி நலிந்திருந்தால் விளக்குகள் கண்டபடி எரிந்து கார் ஓடத் தயாராகாமல் நிற்கும். வாங்க வந்தவர் பெரிய பற்றரி போய்விட்டது என்று நினைத்து ஓடிவிடுவார். ஓய்வில் 12.4 வோல்ற்றுக்குக் கீழ் என்றால் முதலே மாற்றிவிடுங்கள். லீசிங் இருந்தால் நிறுவனத்தின் விடுவிப்புக் கடிதம் கைக்கு வராமல் முற்பணம் வாங்கவேண்டாம். வெற்றுப் படிவத்தில் கையெழுத்து வைத்துக் கொடுக்கவே வேண்டாம். பெயர் மாறும்வரை விபத்துக்கும் குற்றப்பணத்துக்கும் உங்கள் வாசலுக்குத்தான் வருவார்கள்.

கேபிளைக் காரோடு கொடுத்துவிடுங்கள், அது இல்லாத லீஃப்புக்கு விலை விழும். சுவரில் இழுத்த தனி வயரையும் நீலச் சொக்கற்றையும் கழற்றவேண்டாம். யப்பான் அவுட்லாண்டருக்கும் லீஃப்புக்கும் வீட்டுச் சார்ஜ் வாய் ஒரே ரைப் 1 வகை, அதை எடுத்தால் இவை உதவும்.